இரண்டு பேர் மிதிக்கிற சைக்கிள்

"பள்ளம்" என்கிறார், பள்ளம் முடிந்த பிறகு. முதுகின் அடியிலிருந்து கடைவாய்ப்பல் வரைக்கும் வாங்கியாகிவிட்டது, இனி அது பள்ளமாக இருந்தால் என்ன பாலமாக இருந்தால் என்ன. பள்ளம் என்பது வரப்போவதைச் சொல்கிற வார்த்தை சார் என்று நாலு மாதமாகச் சொல்கிறேன், கோமதிநாயகம் சார் அதை இரங்கல் செய்தி மாதிரித்தான் வாசிக்கிறார். முன்னால் ஹேண்டிலைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறவருக்கு அது ஒரு சின்ன ஆட்டம், கண்ணில் பட்டதும் சீட்டிலிருந்து லேசாக எழும்பிக்கொள்வார். நான் பின்சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பார்வை இல்லை, பிறந்ததிலிருந்தே இல்லை, நான் எழும்ப வேண்டுமென்றால் அவர் வாயைத் திறக்க வேண்டும். இதே வாய் மலையைச் சொல்லும், மலைமேல் மேகத்தைச் சொல்லும். "டீச்சர், வலது பக்கம் பாத்தியளா, மேகம் அப்படியே தொட்டில் கட்டித் தொங்க விட்ட மாதிரில்லா இருக்கு." மேகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, மேகம் என் டயருக்கு அடியிலா வரப்போகிறது. உட்காரும் எலும்பு இரண்டும் எரிகிறது. காலையில் அப்பிய வாஸ்லின் எல்லாம் நாங்குநேரியோடு போயிற்று. இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்து வேறு யாருடையவோ மாதிரிக் கிடக்கின்றன. அதெல்லாம் போகட்டும், அது என் உடம்பு, நான் பார்த்துக்கொள்வேன். டீச்சரால முடியல. அப்படித்தானே சொன்னார். டீச்சரால முடியல அண்ணே, பாவம்.

பாவமாம். விடியுமுன் திருநெல்வேலியில் ஏறி உட்கார்ந்தது, நாகர்கோவில், கன்னியாகுமரி, திரும்பத் திருநெல்வேலி, இருநூறு கிலோமீட்டர், இருட்டும் நேரத்துக்குள் முடித்தால் ஒரு தகர மெடல், முடிக்காவிட்டால் சைக்கிள் கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் பெயருக்குப் பக்கத்தில் டி.என்.எஃப். என்று போடுவார்கள், முடிக்கவில்லை என்று அர்த்தம். பாளையங்கோட்டையில் பதினொன்றாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிற ஜெபக்கனி டீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டு இது எதற்கு என்று அம்மா கேட்டாள். எதற்கு என்றால், எனக்குப் பிடித்திருக்கிறது, அதற்கு மேல் காரணம் சொல்ல வேண்டியது ஏன். பார்வையில்லாதவர்களைப் பின்னால் ஏற்றலாமா என்று கிளப்பில் கூட்டம் போட்டார்கள், வடை சாப்பிட்டார்கள், முதல்ல டீச்சர் முடிக்கட்டும், மத்தவங்களை அப்புறம் பாப்போம் என்று முடித்தார்கள். மற்றவர்கள் என்றால் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற நாலு பேர், அதில் ஒருத்தி என்னோடு படித்த சகாயமேரி, தினமும் போன் செய்து கால் வலிக்குமா என்று கேட்கிறவள். நான் முடிக்கவில்லையென்றால் அவர்களும் இல்லை. இது கோமதிநாயகம் சாருக்கும் தெரியும், அந்தக் கூட்டத்தில் அவரும்தான் வடை சாப்பிட்டார். தெரிந்துதான் காவல்கிணறு டீக்கடையில், என்னை பெஞ்சில் உட்காரவைத்து, கையில் டீயும் கொடுத்து, நாலடி தள்ளிப் போய், ரெமிஜியஸ் அண்ணனுக்குப் போன் போட்டார். ரெமிஜியஸ் அண்ணன்தான் இந்த ஓட்டத்தை நடத்துகிறவர், நாகர்கோவில் செக்பாயிண்டில் வேனோடு இருக்கிறார். கண் இல்லாதவர்களுக்குக் காது கூர்மை என்று ஊரெல்லாம் சொல்வார்கள். பொய். என் காது எல்லோர் காது மாதிரித்தான். இவர் டைல்ஸ் கடை வைத்திருக்கிறவர், குடோனில் இருக்கிற ஆளுக்குக் கேட்கிற மாதிரிப் பேசியே பழக்கம், ரகசியம் பேசினாலும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும். "டீச்சரால முடியல அண்ணே. பாவம், சொல்ல வெக்கப்படுதாங்க. ஆரல்வாய்மொழியோட நிறுத்திக்கிடுவோம், வேனை அங்க அனுப்புங்க." நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது டீ. வெட்கப்படுகிறேனாம்.

அப்போதே எழுந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை, ஏனென்றால் ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் ஆத்திரமாக இருக்கிறது. ஒருவேளை நான்தானோ. ஒருவேளை என் கால்தான் ஓய்ந்துவிட்டதோ, நான் மிதிப்பதாக நினைத்துக்கொண்டு சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறேனோ, பெடல் கனக்கிறது என்று நான் நினைப்பது என் தொடை செத்ததனால்தானோ. டீக்கடைக்காரர் வேறு அவரிடம் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை, "அவங்களும் மிதிக்கணுமா? பின்னால சும்மா உக்காந்தாப் போதும்லா?" நாலு மாதத்தில் எத்தனை பேர் கேட்டாயிற்று. பின்னால் இருந்தால் அது கேரியர்தான் அவர்களுக்கு, சாக்குமூட்டை, அல்லது நான். முன் பெடலையும் பின் பெடலையும் ஒரே சங்கிலி சேர்த்துக் கட்டியிருக்கிறது அண்ணாச்சி, அவர் கால் போனால் என் கால் போகும், என் கால் போனால் அவர் கால் போகும், சும்மா உட்கார நினைத்தாலும் கால் சும்மா இருக்காது, என்று நானே சொன்னேன். ஓகோ என்றார். பிறகும் அவரிடம்தான், "அப்ப நீங்க மிதிக்கது அவங்களுக்கும் சேத்துதான்" என்றார். சார் அதற்குச் சிரித்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

சரி, ஒவ்வொன்றாக எடு. பெடல் கனக்கிறது. வள்ளியூர் தாண்டினதிலிருந்து கனக்கிறது. காற்றா? இந்தக் காவல்கிணறு முக்கில் திரும்பி முப்பந்தலைப் பார்த்து ஏற ஆரம்பித்த பிறகு காற்று முகத்தில்தான், கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று, அம்மியே பறக்கிறபோது சைக்கிள் எம்மாத்திரம், ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாலைகள் ஊம் ஊம் என்று யாரையோ வைதுகொண்டே இருக்கின்றன. ஆனால் வள்ளியூரில் காற்று பக்கவாட்டில் அல்லவா இருந்தது, அப்போதே கனத்ததே. இப்போது ஒரு லாரி கடந்தது, நீளமான லாரி, அது பக்கத்தில் ஓடின நேரம் முழுக்க முகத்தில் காற்றே இல்லை, பெடல் அப்போதும் அப்படியேதான் கனத்தது. அப்படியானால் காற்று இல்லை. பிரேக் உரசுகிறதா? நாங்குநேரிக்கு முன்னால் பின்சக்கரத்தில் ஒரு ஸ்போக்ஸ் கம்பி டங் என்று அறுந்தது. இரண்டு பேர் கனத்தை ஒரு பின்சக்கரம் தாங்குகிறது, அறுந்ததில் ஆச்சரியம் இல்லை. சார் இறங்கி அந்தக் கம்பியைப் பக்கத்துக் கம்பியில் முறுக்கி டேப் சுற்றினார், சக்கரம் கோணி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை ஸ்ஸ் என்று உரசியது, பிறகு பிரேக்கைத் தளர்த்தினார், சத்தம் நின்றது. அதற்கப்புறம் பத்து கிலோமீட்டர் வெண்ணெய் மாதிரி வந்தோமே. பிரேக்கும் இல்லை. டயரில் காற்று இறங்கியிருக்கிறதா? டீக்கடையில் அவர் போன் பேசிக்கொண்டிருந்தபோதே குனிந்து கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன், இரண்டும் கல். சங்கிலியில் மண்ணா? மண் என்றால் கரகரக்கும், கரகரக்கவில்லை. பிறகு என்னதான் மிச்சம். இரண்டு ஜோடிக் கால்தான் மிச்சம்.

அதில் ஒரு ஜோடி என்னுடையது. சும்மா சுற்றுகிறதா இது, இல்லவே இல்லை, முழங்காலுக்கு மேலே சதை கயிறு மாதிரி இறுகி நிற்கிறது, பாதத்தின் நடுவில் தீக்குச்சி வைத்த எரிச்சல். மிதிக்காதவளுக்குப் பாதம் எரியாது. இன்னொன்றும் இருக்கிறது, அது இப்போதுதான் புரிகிறது, கவனி, வலது பெடல் கீழே இறங்குகிறபோது ஒரு ஓட்டை. இடது இறங்குகிறபோது கொஞ்சம் கூட வருகிறது யாரோ கைகொடுக்கிற மாதிரி, வலது இறங்குகிறபோது ஒன்றுமே இல்லை, நான் மட்டும்தான், வண்டி முழுவதையும் நானே தள்ளுகிறேன். இடது, கொஞ்சம் உதவி. வலது, ஒன்றுமில்லை. இடது. வலது. இவருடைய வலது கால் செத்துவிட்டது. பெடலில் வெறுமனே வைத்திருக்கிறார், நான் அதையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். வாயால் என்னவும் சொல்லலாம், மேகம் தொட்டில் என்று சொல்லலாம், டீச்சரால முடியல என்று சொல்லலாம், சங்கிலி வழியாகப் பொய் சொல்ல முடியாது சார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமே ஆடிக்கொண்டிருக்கிறது, ஆடுகிறவர் சும்மா நிற்கிறார்.

இது எனக்குப் புதிதில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். போன மார்ச்சில் பொதுத்தேர்வு வேலை போட்டபோது தலைமையாசிரியை வந்து தோளைத் தொட்டு, நீங்க ரெஸ்ட் எடுங்க டீச்சர், உங்களுக்கு எதுக்கு அலைச்சல் என்றார். நான் கேட்கவே இல்லை. விடைத்தாள் எண்ணிக் கட்ட எனக்குத் தெரியும், ஹால் டிக்கெட்டை ஒருத்தி வாசித்தால் மற்றதெல்லாம் நானே செய்வேன். இல்லை இல்லை, ரெஸ்ட் எடுங்க. எடுத்தேன். மறுநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்கும்போது உள்ளே அதே தலைமையாசிரியை, ஜெபக்கனிக்கு என்ன, உக்காந்த இடத்துல சம்பளம். முதலில் கையில் இருப்பதைப் பிடுங்குவது, பிறகு கை வெறுங்கை என்று காட்டுவது. அன்றைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை, தொண்டையைக் கனைத்துவிட்டு உள்ளே போனேன், அவர்கள் பேச்சை மாற்றினார்கள், யாரோ எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன் பார், அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு காந்துகிறது. சின்ன வயதில் அப்பா சைக்கிள் கேரியரில் வைத்துக் கூட்டிப்போவார், காலைத் தூக்கிக்கோ, காலைத் தூக்கிக்கோ, வழி முழுக்க அது ஒன்றுதான், கம்பியில் மாட்டிவிடுமாம். எனக்குத் தெரிந்து சைக்கிள் என்றால் காலைத் தூக்கிக்கொண்டு யார் முதுகையாவது பிடித்துக்கொள்வது. நாலு மாதத்துக்கு முன்னால் இந்த வண்டியில் முதல்முறை ஏறினபோது பெடல் சுழன்று வந்து முழங்காலுக்குக் கீழே ஒரு அடி கொடுத்தது, ரத்தம் கட்டிப்போயிற்று, எனக்கு அவ்வளவு சந்தோஷம். காலுக்கு ஒரு வேலை இருக்கிறது. நாலு மாதம் ஞாயிறுதோறும் பைபாஸில் ஏறி இறங்கி, வீட்டில் கடலைமிட்டாயும் வாழைப்பழமுமாகத் தின்று, மாடிப்படி இறங்க முடியாமல் பின்பக்கமாக இறங்கி, இந்தக் காலை நான் சம்பாதித்தேன். அதை எடுத்து, நாலடி தள்ளிப்போய், ஒரே வாக்கியத்தில்.

"பள்ளம்." வாங்கியாயிற்று. கேட்டுவிடலாமா இப்போதே. கேட்டால் என்ன ஆகும். பிரேக் இரண்டும் அவர் கையில், ஹேண்டில் அவர் கையில், எனக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, அது எதையும் திருப்பாது. லாரி ஒவ்வொன்றும் வலது முழங்கையைத் தடவிக்கொண்டு போகிறது. இந்த ரோட்டில் ஒருவரைக் கோபித்துக்கொள்ள வேண்டுமென்றால் கூட அவர் நிதானமாக ஓட்ட வேண்டும். நல்லவேளை அவர் கெட்டவர் இல்லை என்று ஒரு மனது சொல்கிறது, ஞாயிறுதோறும் வீட்டு வாசலுக்கு வந்து கூட்டிப்போனாரே, ஒரு நாள் கூடப் பிந்தவில்லையே, அம்மா கொடுத்த காப்பியை நன்றாக இல்லாவிட்டாலும் குடித்தாரே. வந்தார், குடித்தார், அதனால் என் பெயரை எடுத்து அவர் காலுக்கு உறையாக மாட்டிக்கொள்ளலாமா. நல்லவர்கள் செய்கிறதைத்தான் யாரிடமும் போய்ச் சொல்ல முடிவதில்லை. சொன்னால், ஐயோ அவரா, அவர் எவ்வளவு நல்ல மனுஷன் என்பார்கள், நன்றி கெட்டவள் என்பார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். ஆரல்வாய்மொழி இன்னும் கொஞ்ச தூரம்தான், வேன் வந்து நிற்கும், கதவு திறக்கும், நாலு கை வந்து என்னைப் பிடித்து ஏற்றும், பரவாயில்ல டீச்சர், இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு, தண்ணி குடிங்க டீச்சர், குரூப்பில் படம் போடுவார்கள், கைகூப்புகிற பொம்மை நாற்பது வரும், சகாயமேரி போன் செய்வாள், கால் ரொம்ப வலித்ததா என்று கேட்பாள். நான் என்ன சொல்ல. இல்லவே இல்லை, வலிக்கவே இல்லை சகாயம், என்று சொன்னால் நம்புவாளா. ஏற்றம் செங்குத்தாகிறது. பஸ்கள் வேகம் குறைக்கின்றன, இசக்கியம்மன் கோயில் பக்கம் வந்துவிட்டோம் போல, எல்லா டிரைவரும் ஹார்ன் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். இடது. வலது. இடது. வலது. நான் நிறுத்துகிறேன்.

காலை எடுக்கவில்லை. பெடலிலேயே வைத்திருக்கிறேன், தள்ளுவதை மட்டும் விட்டுவிட்டேன். எவ்வளவு சுகமாக இருக்கிறது, சங்கிலி தானாகக் காலைச் சுற்றிக் கொடுக்கிறது, சும்மா உட்கார்ந்தால் போதும் என்று டீக்கடைக்காரர் சொன்னது சரிதான். வண்டி உடனே தெரிந்துகொண்டது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரித் துவண்டது. முன்னால் மூச்சு ஒரு மாதிரி ஆனது. ஹேண்டில் இடதும் வலதுமாக அலைந்தது. எனக்குப் பயம்தான், லாரி வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனாலும் தள்ளவில்லை.

"டீச்சர்... டீச்சர், மிதிக்கியளா?"

"மிதிக்கல சார்."

"என்னாச்சு?"

"நான் மிதிக்கலைன்னு உங்களுக்குத் தெரியுதா சார்?"

"தெரியாம என்ன டீச்சர், மலையைக் கட்டி இழுக்க மாதிரில்லா இருக்கு!"

"எனக்கும் அப்படித்தான் சார் இருக்கு. வள்ளியூர்ல இருந்து."

பிரேக். கால் ஊன்றினோம். ரோட்டோரச் சரளை, கோயில் முன்னால் நிற்கிற லாரி இஞ்சின்கள், யாரோ தேங்காய் உடைக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலே காற்று. அவர் திரும்பிப் பார்க்கிறாரா இல்லையா தெரியவில்லை, எனக்கு அது தேவையும் இல்லை.

"வலது கால்தானே?" என்றேன்.

குரல் வந்தது, குடோன் குரல் இல்லை, வேறு குரல். "தொடை பிடிச்சிட்டு டீச்சர். வள்ளியூர்லயே. தூக்கவே முடியல."

"அதை ரெமிஜியஸ் அண்ணன்ட்ட சொல்லியிருக்கலாம்லா. எதுக்கு என் பேரைச் சொன்னீங்க?"

டீக்கடையில் போனில் பேசியதை நான் கேட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. "எப்படி டீச்சர் சொல்ல? கண்ணு தெரியாத ஒரு பொம்பள மிதிக்கா, எனக்கு முடியலைன்னா... குரூப்ல நாளைக்கு எந்த மூஞ்சியோட பேச?"

அறைந்த மாதிரித்தான் இருந்தது. ஆனால் இன்றைக்கு முழுக்க அவர் சொன்னதில் முதல் உண்மை இதுதான், அதனால் நான் கத்தவில்லை. கத்தத்தான் நினைத்தேன், நாலு மாதத்துக்கும், போன மார்ச்சுக்கும், அந்த நாற்காலிக்கும் சேர்த்து. "போனைப் போடுங்க" என்றேன். "ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டார். இரண்டாவது மணியிலேயே ரெமிஜியஸ் அண்ணன் எடுத்தார்.

"வேன் கிளம்பப் போகுது கோமதி. டீச்சர் எப்படி இருக்காங்க, மயக்கம் ஏதும் உண்டா?"

"இல்லண்ணே. டீச்சர் நல்லாத்தான் இருக்காங்க. எனக்குத்தான்..."

"என்னது? காத்துல ஒண்ணும் கேக்கலப்பா."

"எனக்குத்தான் அண்ணே முடியல."

"யாருக்கு?"

"எனக்கு!"

"யாருக்குன்னு சத்தமாச் சொல்லு!"

"எனக்கு! எனக்குத்தான் முடியல! கோமதிக்கு! டீச்சர் நல்லா மிதிக்காங்க, வள்ளியூர்ல இருந்து அவங்கதான் மிதிக்காங்க, என் கால் போச்சு!"

தேங்காய் உடைக்கிறது நின்றது. லாரிக்காரர் யாரோ "என்ன அண்ணாச்சி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆறவும் இல்லை, அவர் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ரெமிஜியஸ் அண்ணன் யோசித்துவிட்டு, இரக்கமாகத்தான், "சரிப்பா, அதனால என்ன. ரெண்டு பேரும் வேன்ல ஏறிருங்க. டீச்சர்ட்டயும் சொல்லிரு" என்றார்.

கையை நீட்டினேன். அவர் போனைக் கொடுத்தார்.

"அண்ணே, ஜெபக்கனி பேசுதேன். சார் ஏறட்டும். நான் ஏறல. சைக்கிள்ல எனக்கு முன்னால உக்கார ஒரு ஆளை வேன்ல போட்டு அனுப்புங்க."

"அப்படி நடுவழியில ஆளை மாத்த ரூல் இல்லையே டீச்சர்."

"மாத்தக்கூடாதுன்னு ரூல் இருக்கா?"

"...அப்படியும் இல்ல."

"அப்ப அனுப்புங்க."

"உடனே யாரை டீச்சர் அனுப்ப? இங்க இருக்கவனுக்கு எவனுக்கும் இந்த வண்டி பழக்கம் கிடையாது. ஏத்தம், காத்து, இன்னும் அவ்வளவு தூரம் கிடக்கு. வாரவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"கண்ணு தெரிஞ்சாப் போதும்ணே" என்றேன். "மிச்சத்தை நான் மிதிச்சிக்கிடுதேன்."